தங்கம் எதுக்கு, பழுப்பு மை எதுக்கு: முதல் 400 வருஷத்து குர்ஆன் பிரதிகள்

பழைய இஸ்லாமிய கையெழுத்துப் பிரதின்னு யாராவது ஒரு படம் ஷேர் பண்ணாங்கன்னா அது பெரும்பாலும் நீல குர்ஆனா தான் இருக்கும். ராத்திரி வானம் மாதிரி அவுரி நீலம் ஏறின தோல், அது மேல பக்கத்துக்கு 15 வரி, அத்தனையும் தங்க எழுத்து. பார்த்ததும் அடேங்கப்பான்னு வாய் பிளக்கும், பிளக்கணும்னு தான் செஞ்சதே. ஆனா அத மட்டும் பார்த்துட்டு அந்தக் காலத்து குர்ஆன் எல்லாமே இப்படித்தான் ஜொலிச்சிருக்கும்னு நினைச்சுட்டா அங்கயே தடம் மாறிடுவோம். 7ஆம் நூற்றாண்டுல இருந்து 11ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் உள்ள பிரதிகள வரிசையா பார்த்துட்டு வந்தா வேற ஒண்ணு பிடிபடும். இறைவசனம் சாதாரண பழுப்பு மையில தான் இருக்கும். தங்கம் போறது எல்லாம் அதச் சுத்தி மனுசங்க சேர்த்த விஷயங்களுக்கு: சூராவோட, அதாவது குர்ஆன் அத்தியாயத்தோட பேர், அதுல எத்தனை வசனம்ங்கிற கணக்கு, வசனம் முடியுற இடம், அஞ்சாவது பத்தாவது வசனத்துக்கான அடையாளம்.

தலைகீழா இருக்கேன்னு தோணும். ராஜாவுக்கு காட்டன் வேட்டி, வாசல்ல நிக்கிறவனுக்கு பட்டு ஜரிகையா? ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான், அதுக்கு காரணமும் இருக்கு.

முதல்ல ஆரம்பத்துல எதுவுமே இல்லாம இருந்த நிலைமைய பார்ப்போம். பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில இருக்குற ரெண்டு தோல் ஏடு 2015-ல பெரிய நியூஸ் ஆச்சு, ஞாபகம் இருக்கலாம். கார்பன் டெஸ்ட்ல அந்தத் தோல் கிபி 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டதுன்னு 95.4 சதவீத நிகழ்தகவோட வந்துச்சு. இங்க ஒண்ணு கவனிக்கணும், அந்த டெஸ்ட் சொல்றது ஆடு எப்ப செத்துச்சுங்கிறத, எழுத்து எப்ப எழுதினாங்கங்கிறத இல்ல. அத மறந்துட்டு தான் பாதி சண்டை நெட்ல நடந்துச்சு. அந்த ஏட்ட பாருங்க, அலங்காரம்னு சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல. வலப்பக்கம் சாஞ்ச, மெலிஞ்ச எழுத்து, இத ஹிஜாஸி நடைன்னு சொல்றாங்க. வசனம் முடிஞ்சா சின்ன புள்ளிக் கொத்து, ஒரு சூரா முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல எளிமையா ஒரு கோட்டு அலங்காரம், அவ்ளோதான்.

அதே காலத்த ஒட்டின இன்னொரு பிரதி, பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்ல அம்ர் பள்ளிவாசல்ல இருந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஏடு ஏடா வெளிய போயி இப்ப பாரிஸ்ல 70, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல 26, வாட்டிகன்ல ஒண்ணு, லண்டன்ல ஒண்ணுன்னு கிடக்கு. அஞ்சு பேரோட கையெழுத்து அதுல இருக்குன்னு ஃபிரான்ஸ்வா தெரோஷ்ங்கிற பிரெஞ்சு ஆய்வாளர் எழுத்து எழுத்தா அலசி காட்டினார். அதுல சூராவுக்கும் சூராவுக்கும் நடுவுல முதல்ல வெத்து இடம் தான் விட்டிருந்தாங்க, சிவப்பு மையில தலைப்பு போட்டது பின்னாடி வந்த கை. அந்தக் காலி இடத்துல தான் அடுத்த 200 வருஷத்து தங்கம் எல்லாம் போய் உக்காரப் போகுது. எழுதக்கூடாதுன்னு விட்ட இடம் அது, ஆனா கண்ணு நிக்கிறதுக்கு ஏதாவது வேணுமே.

எழுதக்கூடாதுங்கிறது எங்க இருந்து வந்துச்சுன்னா, நபித்தோழர் இப்னு மஸ்ஊத் பேர்ல ஒரு சொல் ஓடிட்டே இருந்துச்சு: ஜர்ரிதுல் குர்ஆன். குர்ஆன வெறுமையா வைங்க, வேற எதையும் அதோட கலக்காதீங்கன்னு அர்த்தம். சூரா பேர் எழுதுறது, பத்து வசனத்துக்கு ஒரு குறி போடுறது, தங்கம் பூசுறது, இதெல்லாம் சரியா தப்பான்னு ஆளாளுக்கு சொன்னத 10ஆம் நூற்றாண்டுல இப்னு அபீ தாவூத்னு ஒருத்தர் 'கிதாபுல் மஸாஹிஃப்'னு தனி நூலா தொகுத்து வச்சுட்டு போயிருக்கார். தங்கமே வேணாம்னவங்களும் உண்டு. மதீனாவோட பெரிய சட்ட அறிஞர் மாலிக் இப்னு அனஸ் நடுவுல நின்னு, பிள்ளைங்க படிக்கிற பிரதின்னா புள்ளி வச்சுக்கோங்க, மூலப் பிரதிகள்ல வேணாம்னு சொன்னதா பதிவு இருக்கு.

புள்ளிக்கு ஏன் இவ்ளோ பஞ்சாயத்துன்னு கேட்டா, அரபு எழுத்தோட எலும்புக்கூட கொஞ்சம் புரிஞ்சுக்கணும். பா, தா, ஸா, நூன், யா இதெல்லாம் சொல்லோட நடுவுல வந்தா ஒரே மாதிரி ஒரு சின்னப் பல்லு தான், புள்ளி வச்சா தான் எது எதுன்னு தெரியும். நம்ம ஓலைச்சுவடில மெய்க்குப் புள்ளி வைக்காம, குறில் எகரம் நெடில் ஏகாரம் வித்தியாசம் காட்டாம எழுதி, தெரிஞ்சவன் படிச்சுக்கோன்னு விட்ட மாதிரி. ஆனா ஓலைல கிழிஞ்சிடும்ங்கிற காரணம் இருந்துச்சு. இங்க புள்ளி வைக்கத் தெரியாம இல்ல, 643-ல எகிப்துல எழுதின ஒரு பாப்பிரஸ் ரசீது, 65 ஆடு வாங்கிக்கிட்டதுக்கு குடுத்தது, வியன்னால இருக்கு, அதுலயே சில எழுத்துக்கு புள்ளி இருக்கு! ஆட்டு ரசீதுல இருக்கு, ஆனா ஆரம்ப குர்ஆன் பிரதிகள்ல அங்கொண்ணு இங்கொண்ணா தான் வைக்கிறாங்க. குர்ஆன் நெஞ்சுல மனப்பாடமா இருந்தது, ஏடு ஞாபகப்படுத்துறதுக்கு மட்டும், அதனால பெரிய கஷ்டம் இல்ல. அரபு தாய்மொழி இல்லாத மக்கள் கூட்டம் கூட்டமா உள்ள வந்ததும் தான் பிரச்சினை ஆச்சு.

அப்ப கண்டுபிடிச்ச தீர்வு ரொம்ப அழகு. உயிர் ஒலிக்கு சிவப்புப் புள்ளி. எழுத்துக்கு மேல வச்சா அ, கீழ வச்சா இ, பக்கத்துல வச்சா உ. பஸ்ராவச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலி, 688 வாக்குல இறந்தவர், அவர் தான் ஆரம்பிச்சதா மரபு சொல்லுது. மதரஸால ஜபர், சேர், பேஷ்னு ராகம் போட்டு ஓதினவங்களுக்கு இந்த மூணும் பழக்கம் தான், இப்ப கோடா இருக்குறது அப்ப கலர் புள்ளியா இருந்துச்சு. மெயின் எழுத்து பழுப்பு, புள்ளி சிவப்பு, அதனால எது மூலம் எது பின்னாடி சேர்த்ததுன்னு ஒரு பார்வைல தெரிஞ்சிடும். மதீனாக்காரங்க ஹம்ஸாங்கிற தொண்டை அடைப்பு ஒலிக்கு மஞ்சள் வச்சாங்க, இராக்காரங்க எல்லாத்துக்கும் சிவப்பே போதும்னாங்கன்னு ஸ்பெயின்ல வாழ்ந்த அபூ அம்ர் அத்தானீ, 1053-ல இறந்தவர், புள்ளி வைக்கிறதுக்குன்னே எழுதின நூல்ல விவரமா சொல்றார். சில பிரதிகள்ல பச்சையும் வரும். மியூசியம் கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்க்குறவங்க சிவப்பு பச்சை மஞ்சள் புள்ளிய பார்த்து ஏதோ டிசைன்னு நினைச்சுட்டு போயிடுறாங்க, அது உச்சரிப்புங்க. தங்கமும் இதே லாஜிக்ல தான் உள்ள வருது. கலக்காதேன்னு தானே சொன்ன, கலக்கல, பாரு, வேற கலர்ல தான் இருக்குன்னு.

இதுக்கு நடுவுல அரசாங்கம் வேற உள்ள வருது. உமையா வம்சத்து கலீஃபா அப்துல் மலிக் ஜெருசலேம்ல குப்பத்துஸ் ஸக்ரா, அதாவது பாறைக் குவிமாடம் கட்டுறார், இஸ்லாமிய ஆண்டுக் கணக்குல ஹிஜ்ரி 72, அதாவது 691-692. உள்ள மொசைக்ல நீண்ட எழுத்து வரிசை, உருவம் ஒண்ணு கூட கிடையாது. ஹிஜ்ரி 77-ல தங்கக் காசுல இருந்து உருவத்த எடுத்துட்டு எழுத்து மட்டும் போடுறார். எழுத்தே முகம்னு ஒரு அரசு முடிவு பண்ணிடுச்சு, அப்புறம் அந்த எழுத்து சாஞ்சு கோணலா இருந்தா எப்படி? நிமிர்ந்து நிக்க ஆரம்பிக்குது.

இந்த மாற்றத்துக்கு கிடைச்ச பெரிய சாட்சி ஏமன்ல கூரைக்குள்ள இருந்துச்சு. 1972-ல ஸனாவோட பெரிய பள்ளிவாசல்ல ரிப்பேர் வேலை நடந்தப்ப உள்கூரைக்கும் மேல்கூரைக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான துண்டு ஏடு கிடைச்சுது. பழுதான முஸ்ஹஃப, அதாவது குர்ஆன் பிரதிய, தூக்கிப் போட முடியாதே, அதனால மரியாதையா ஒதுக்கி வச்சது. அதுல ஒரு ராட்சஸ குர்ஆனோட மிச்சம், பக்கம் கிட்டத்தட்ட அரை மீட்டர் உயரம். கலீஃபா முதலாம் வலீத் காலம், 705-ல இருந்து 715, அப்ப செஞ்சதா இருக்கும்னு அத ஆராய்ஞ்ச ஜெர்மன் கலை வரலாற்றாளர் ஃபொன் போத்மர் சொல்றார். அதோட ஆரம்பப் பக்கங்கள்ல ரெண்டு பள்ளிவாசல் படம் வரைஞ்சிருக்காங்க. ஆளே இல்லாத பள்ளிவாசல். அடுக்கடுக்கா வளைவு, வளைவுக்கு வளைவு தொங்குற விளக்கு, மிம்பர்ங்கிற பிரசங்க மேடை, தொழுகைத் திசை காட்டுற மிஹ்ராப் மாடம், கீழ படிக்கட்டு. மேல இருந்து பார்க்குற பிளானும் முன்னால இருந்து பார்க்குற தோற்றமும் ஒரே படத்துல கலந்து கிடக்கு, ஆர்க்கிடெக்ட் பசங்க பார்த்தா தலைய சொறிவாங்க. என் பார்வைல அது ஒரு வாசல். செருப்பக் கழட்டிட்டு உள்ள போற மாதிரி, அந்தப் படியேறி தான் முதல் சூராவான பாத்திஹாவுக்குள்ள போகணும். சூராக்களுக்கு நடுவுலயும் இலை கொடி வளைவுன்னு பட்டை பட்டையா அலங்காரம். ஃபுஸ்தாத் பிரதில வெத்தா இருந்த அதே இடம்!

உமையாக்களுக்கு அப்புறம் வந்த அப்பாஸியர் காலத்துல, குறிப்பா 9ஆம் நூற்றாண்டுல, இது ஒரு முழு சிஸ்டமாவே ஆயிடுது. புக்கே படுத்துடுச்சு, உயரத்த விட அகலம் ஜாஸ்தி. எழுத்து கூஃபின்னு நாம பொதுவா சொல்றோம், அது கூஃபா ஊர்ல மட்டும் எழுதினது இல்ல, ஐரோப்பியர்கள் பின்னாடி ஒட்டின லேபிள். கட்டையா, தடிமனா, படுக்கையா நீளுற எழுத்து, ஒரு எழுத்த கை போற வரைக்கும் இழுத்து வரிய நிரப்புவாங்க. சொல்லுக்கு நடுவுல விடுற இடமும், சொல்லுக்குள்ள எழுத்து உடையுற இடத்துல விடுற இடமும் ஒரே அளவு. ஒரு சொல்ல பாதில உடைச்சு அடுத்த வரிக்கு கொண்டு போறதுக்கும் தயக்கம் இல்ல. அதாவது படிக்கிறவன் சௌகரியத்த யாரும் கேக்கல, பக்கம் ஒரு கல்வெட்டு மாதிரி கட்டுக்கோப்பா நிக்கணும், அவ்ளோதான்.

அப்ப வழி தெரியாம முழிக்கிறவனுக்கு யார் துணை? தங்கம் தான். வசனம் முடிஞ்சா சின்னதா ஒரு தங்கப் பொட்டு, இல்ல மூணு பொட்டு முக்கோணமா. அஞ்சு வசனம் ஆனா தங்கத்துல ஒரு ஹா எழுத்து, ஏன்னா அரபு அப்ஜத் கணக்குல ஹாவுக்கு மதிப்பு 5, நம்ம க ஒண்ணு, உ ரெண்டுன்னு ஆகுற மாதிரி. பத்து ஆனா ஒரு வட்டப் பதக்கம், உள்ள யா இருந்தா பத்து, காஃப் இருந்தா இருபது. சூரா மாறினா தங்கத்துல தலைப்பு, வசன எண்ணிக்கையோட, அதுல இருந்து ஓரத்துக்கு நீட்டிக்கிட்டு ஒரு பாமெட், பனையோலை விசிறி மாதிரி இலை வடிவம். வேகமா ஏட்டப் புரட்டும்போது கண்ணுல படுறது அந்த ஓரத்து இலை தான். பேஜ் நம்பர் இல்லாத உலகத்துல அது ஒரு புக்மார்க், முற்றுப்புள்ளி, இண்டெக்ஸ் எல்லாம். தலைப்புக்கு வேற நடை எழுத்து கூட யூஸ் பண்ணுவாங்க, வசனத்தோட குழம்பிடக்கூடாதுன்னு.

மெட்டீரியல் பத்தி பேசாம விட்டா இந்த விஷயத்துல பாதி போச்சு. தோல்னா செருப்புக்கு பதனிடுற தோல் இல்ல, முடி நீக்கி, சட்டத்துல இழுத்துக் கட்டி, சுரண்டிச் சுரண்டி காய வைக்கிற பார்ச்மென்ட். ஒரு பக்கம் முடி இருந்த பக்கம், கொஞ்சம் மஞ்சளா சொரசொரப்பா இருக்கும், மறுபக்கம் சதைப் பக்கம், வெள்ளையா வழவழன்னு. சதைப் பக்கத்துல மை சரியா ஒட்டாது, 1,100 வருஷம் கழிச்சு பார்த்தா அந்தப் பக்கம் உதிர்ந்து போயி முடிப் பக்கம் ஜம்முன்னு இருக்கும். அஞ்சு விரிப்பு தோல ஒண்ணா மடிச்சு பத்து ஏடு ஆக்கி, அப்படிக் கட்டு கட்டா தைப்பாங்க. மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. அதே மாசிக்காய் தான், பச்சப்புள்ளைக்கு உரை மருந்துல இழைப்போமே, ஓக் மரத்துல பூச்சி போடுற காய். அத இடிச்சு ஊற வச்சு அன்னபேதி உப்பு போட்டா கறுக்கும், பிசின் கலந்தா நாணல் கலத்துல நிக்கும். எழுதும்போது வெளிறி இருந்து காத்துப்பட கறுத்து, நூற்றாண்டு போகப் போக பழுப்பா மாறுது, நான் முதல்ல இருந்து பழுப்புன்னு சொல்லிட்டு இருக்குறது இந்தக் கலர் தான். தங்கத்துக்கு முதல்ல பசையால வடிவம் போட்டு தங்கத் தகடு ஒட்டுவாங்க, ஓரம் பிசிறடிக்கும், அத மறைக்க மெல்லிசா பழுப்பு மையில அவுட்லைன். பெரிசாக்கி பார்த்தா அந்த அவுட்லைன்ல கை நடுங்கின இடம் கூட தெரியும். இந்த வேலைக்கு தத்ஹீப்னு பேர், செய்றவர் முதஹ்ஹிப். 987-ல பாக்தாத்ல இப்னு அந்நதீம் எழுதின ஃபிஹ்ரிஸ்த் நூல், முஸ்ஹஃப்ல தங்கம் பூசினவங்க பேரையே தனியா பட்டியல் போடுது, அப்ப அது மரியாதையான தொழில்னு அர்த்தம்.

தோல் எவ்ளோ காஸ்ட்லின்னு தெரிஞ்சா தான் அமாஜூர் செஞ்ச காரியம் புரியும். 870-கள்ல டமாஸ்கஸ் கவர்னர் இவர், ஹிஜ்ரி 262-ல, அதாவது 876-ல, இப்ப லெபனான்ல இருக்குற தீர் நகரத்துக்கு ஒரு குர்ஆன வக்ஃப் பண்ணார், அதாவது அறக்கொடையா குடுத்தார். மொத்தம் 30 வால்யூம், பக்கத்துக்கு மூணே வரி! பக்கமும் ஒண்ணும் பெருசு இல்ல, ஸ்கூல் நோட்ட விட சின்னது. ஒரு வரில ரெண்டு மூணு சொல் தான் வரும், சுத்தி எல்லாம் வெறும் தோல். இதுல ஆடம்பரம் தங்கத்துல இல்ல, எழுதாம விட்ட இடத்துல இருக்கு, எத்தனை ஆட்டுத் தோல்ல ஒண்ணுமே எழுதாம விட முடியும்னு காட்டுறது தான் பணக்காரத்தனம். இந்தப் பிரதில வக்ஃப் தேதி இருக்குறதால தான் மத்த தேதி இல்லாத கூஃபி பிரதிகளுக்கு காலம் குறிக்க ஒரு ஆணி கிடைச்சுது.

இப்ப மறுபடி நீல குர்ஆனுக்கு வாங்க. எல்லாம் தலைகீழ். வசனம் தங்கம், வசன அடையாளம் வெள்ளி, அந்த வெள்ளி கறுத்துப் போயி இப்ப கண்ணுக்கே தட்டுறதில்ல. உச்சரிப்புப் புள்ளி சுத்தமா கிடையாது, மனப்பாடம் இல்லாதவங்க ஒரு வரி தாண்ட முடியாது. எங்க செஞ்சதுங்கிறதுலயே இன்னும் சண்டை ஓயல. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஏடுகள வித்த ஸ்வீடன்காரர் மார்ட்டின் இது ஈரான்ல மஷ்ஹத்ல இருந்து வந்ததுன்னார். ஆனா பெரிய பகுதி இருக்குறது துனிசியால, கைரவான் பெரிய பள்ளிவாசல் நூலகத்துக்கு 1293-ல எடுத்த சரக்குப் பட்டியல்ல இதே அடையாளத்தோட ஒரு பிரதி வருது. வட ஆப்பிரிக்காவ ஆண்ட ஃபாத்திமிய ஆட்சியோட வேலைன்னு சிலர், அப்பாஸிய பாக்தாத்ன்னு சிலர், ஸ்பெயின்ல குர்துபான்னு கூட சிலர். பைசாந்தியர்கள் ஊதாச் சாயம் ஏத்தின தோல்ல தங்கம் வெள்ளில பைபிள் எழுதினாங்களே, அதுக்கு பதில் சொல்ற மாதிரி யாரோ ஒரு பெரிய இடத்து ஆள் செய்ய வச்சிருக்கணும்னு எனக்குத் தோணுது. முழுக்க தங்கத்துல எழுதின வேற பிரதியும் உண்டு தான், ஆனா அதெல்லாம் விதிவிலக்கு. பிரிஞ்ச நீல ஏடு நியூயார்க், பாஸ்டன், தோஹா, கோலாலம்பூர்னு உலகம் பூரா ஃபிரேம்ல தொங்குது. ஒத்த ஏடா விக்கிறது தான் வியாபாரிக்கு லாபம், அதனால ஒரே புக்கோட முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஆயுசுக்கும் சந்திக்கப் போறதில்ல.

உருவம் பத்தி ஒரு வார்த்தை. இஸ்லாமியக் கலைல உருவமே கிடையாதுன்னு பொத்தாம்பொதுவா சொல்றது சரியில்ல. குர்ஆன் பிரதில கிடையாது, ஆனா மத்த புத்தகத்துல உண்டு. நட்சத்திரக் கூட்டங்கள பத்தி அஸ்ஸூஃபி, 903-ல இருந்து 986 வரை வாழ்ந்தவர், எழுதின நூல்ல ஒவ்வொரு கூட்டத்தையும் ரெண்டு தடவ ஆள், மிருக உருவமா வரைஞ்சிருக்கும், வானத்துல தெரியுற மாதிரி ஒண்ணு, வானக் கோளத்து மேல தெரியுற மாதிரி ஒண்ணு. ஆக்ஸ்ஃபோர்ட்ல இருக்குற பிரதில ஹிஜ்ரி 400-னு தேதி இருக்கு, அந்தத் தேதிய நம்பலாமா வேணாமான்னு ஆராய்ச்சியாளர்கள் மோதிக்கிறாங்க.

அப்புறம் பேப்பர் வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுச்சு. 8ஆம் நூற்றாண்டு கடைசிலயே பாக்தாத்ல பேப்பர் இருந்தும் குர்ஆனுக்கு ரொம்ப நாள் தோல் தான் மரியாதை. 10ஆம் நூற்றாண்டுல தான் குர்ஆனும் பேப்பருக்கு மாறுது, புக் மறுபடி நிமிர்ந்து நிக்குது. மூணு தடவ வஜீரா, அதாவது கலீஃபாவோட அமைச்சரா இருந்த இப்னு முக்லா, கலத்தோட முனை பதிக்கிற சாய்சதுரப் புள்ளிய அளவுகோலா வச்சு எழுத்துக்கெல்லாம் விகிதம் போட்டுக் குடுத்தார். அரசியல்ல சிக்கி வலது கை வெட்டுப்பட்டு 940-ல ஜெயில்லயே செத்துப் போனார், எழுத்துக்கு அளவு போட்ட கை அது. அந்த வழில வந்த இப்னுல் பவ்வாப், வாசல்காரர் மகன்னு அர்த்தம், முதல்ல வீட்டுச் சுவர்ல பெயின்ட் அலங்காரம் பண்ணிட்டு இருந்தவர். ஹிஜ்ரி 391-ல, 1000-1001-ல, பாக்தாத்ல அவர் எழுதின குர்ஆன் முழுசா இருக்கு, டப்ளின்ல செஸ்டர் பீட்டி நூலகத்துல. 286 ஏடு, ஒரு கைல பிடிக்கலாம், பொடி எழுத்து, பளிச்சுன்னு வாசிக்கலாம். கல்வெட்டு போயி புக் வந்துடுச்சு. ஆரம்பத்துல தங்க வட்டங்களுக்கு நடுவுல மொத்தம் 114 சூரா, 6,236 வசனம்னு ஆரம்பிச்சு சொல் எத்தனை, எழுத்து எத்தனை, புள்ளி எத்தனைன்னு கணக்கு எழுதியிருக்கார். ஒரு காலத்துல புள்ளியே கூடாதுன்னாங்க, இப்ப அதே புள்ளிய எண்ணி தங்கச் சட்டத்துக்குள்ள பெருமையா போடுறாங்க.

ஆனா எல்லா ஊரும் ஒரே நேரத்துல மாறல. இதுக்கு 20 வருஷம் கழிச்சு, 1020-ல, கைரவான்ல தோல்ல தான் எழுதுறாங்க, பக்கத்துக்கு அஞ்சே வரி, எழுத்து வாள் வீசின மாதிரி கூரா வளையும். எழுதச் சொன்னது ஃபாத்திமான்னு ஒரு பொம்பள, அந்தப் பக்கத்த ஆண்ட ஸீரித் வம்சத்துல சின்ன வயசுலயே பட்டத்துக்கு வந்த முயிஸ் இப்னு பாதீஸோட அரண்மனைத் தாதி, அதனால தாதியின் குர்ஆன்னே பேர். பின்னால அந்தப் பையன் பேர்ல தான் மை காய்ச்சுறது, தோல் பைண்டிங் பண்றது பத்தின நூல் ஒண்ணு வழங்குது. இந்தக் குர்ஆனோட கடைசில இருக்குற குறிப்பு தான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது: எழுதினது, உச்சரிப்புக் குறி போட்டது, அலங்காரம் வரைஞ்சது, தங்கம் பூசினது, தச்சு அட்டை போட்டது எல்லாமே அலி இப்னு அஹ்மத் அல்வர்ராக்னு ஒரே ஆள். மேற்பார்வை, எழுத்தர் துர்ரா, அவளை அல்லாஹ் காப்பானாக.